ஊமையாக அலைந்து சேர்த்த ஆட்சேபணைகள்

போன மாதம் நகர சபையின் சமூக நலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்னை அழைத்து, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒலிவாங்கியை வைத்தார்கள். "தோந்தோன், அந்தக் காலத்துல ஊர் ஜனங்களைத் திரட்டி, வீடில்லாதவங்க தங்குற இரவு விடுதியைக் காப்பாத்தினீங்களாமே, அவங்ககிட்ட என்ன பேசினீங்க?" என்று கேட்டார்கள். தோந்தோன் என்றால் எங்கள் ஊர்க் கிரியோலில் மாமா. "நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை" என்றேன். அடக்கமாகச் சொல்கிறேன் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். நான் சொன்னது அப்பட்டமான உண்மை. விளக்குவதற்குள் தேநீர் வந்துவிட்டது. அதனால் கோவில் மலருக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

என் தமிழ் கோவில் மாலை வகுப்பில் படித்த தமிழ். வீட்டிலும் வேலையிலும் கிரியோல்தான். இந்தக் கட்டுரையில் எல்லோரும் தமிழ் பேசுவது என் வசதிக்காக. எந்த நகரம் என்பதையும் சொல்லப்போவதில்லை. எங்கள் தீவில், பிளேன் வில்லியம்ஸ் மேட்டில் ஒரு நகரம், அவ்வளவுதான். அன்றைய சபை உறுப்பினர்களின் பிள்ளைகள் இன்றும் என்னைத் தெருவில் கண்டால் வணக்கம் சொல்கிறார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

நான் பிறந்தது ரிவியேர் தே ஸாங்கீய் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில். இரண்டு அறுவடை கரும்பு வெட்டினேன். கரும்பைவிட என் காலைத்தான் அதிகம் வெட்டிக்கொண்டேன் என்பதால் நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நகர சபையில் தெருப் பெருக்கினேன். அறுபதாம் ஆண்டுப் பெரும் புயலில் வீடிழந்தவர்களுக்காகச் சபை ஒரு பழைய கிடங்கைச் சுத்தம் செய்து இரவு விடுதி திறந்தது. அசில் என்று ஊரில் சொல்வார்கள். கதவின் மேல்தாழ்ப்பாள் எட்டும் உயரம் எனக்குத்தான் இருந்தது. ஆகவே நான் விடுதிப் பொறுப்பாளன் ஆனேன். பயிற்சி ஒரு காலை நேரம் நடந்தது. அதில் பாதி நேரம் பயிற்சியாளர் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

வேலை இதுதான். மாலை ஐந்து மணிக்குக் கைமணியை மூன்று முறை அடித்துக் கதவைத் திறக்க வேண்டும். வந்தவரின் பெயர், வயது, நேற்று எங்கே படுத்தார் என்ற மூன்றையும் பேரேட்டில் எழுத வேண்டும். தலையில் பேன் பொடி போட வேண்டும். தகரத் தட்டு ஒன்று, குவளை ஒன்று, எண் போட்ட கம்பளி ஒன்று. ரொட்டியும் பருப்பு சூப்பும். காலை ஏழு மணிக்குக் கம்பளியை எண்ணிக்கொண்டு அனுப்பிவிட வேண்டும். பதினெட்டுக் கட்டில்கள். புயல் போய் மூன்று வருடமான பிறகும் பதினெட்டும் நிறைந்தே இருந்தன. புயல் வீட்டைத்தான் கொண்டுபோனது, மீதியை வாழ்க்கை பார்த்துக்கொண்டது.

அவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாக்கியம் அக்கா, அறுபதைத் தாண்டியவர். பகலில் சந்தை வாசலில் காத்தோ பிமா விற்பார். பருப்பு அரைத்துப் பச்சை மிளகாய் போட்ட உருண்டை வடைதான் அது. அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் வடை வாங்கித்தான் தப்பிக்க முடியும். இன்னொருவர் கப்பித்தேன், அதாவது கப்பல் தலைவர். பெயர்தான் அது. போர்ட் லூயி துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கப்பலில் ஏறியதுண்டு, ஆனால் கப்பல் கிளம்புமுன் இறங்கிவிடுவார். அவருக்குப் பாட்டுப் பைத்தியம்.

என் மேலதிகாரி தலைமை எழுத்தர் முஸ்யே ஒக்தாவ். முஸ்யே என்றால் ஐயா. இவரைப் போல ஒருவரை நான் பிறகு கண்டதில்லை. சைக்கிளில் வருவார். கால்சட்டை சங்கிலியில் சிக்காமலிருக்கப் போடும் கவ்வியை அலுவலகத்திலும் கழற்ற மாட்டார், விதிப்படி பணி நேரம் முழுதும் புறப்படத் தயாராக இருக்க வேண்டுமாம். சட்டைப் பையில் ஊழியர் விதிப்புத்தகம். எதற்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னது கிடையாது. "இதைப் பற்றி விதி இப்படிச் சொல்கிறது" என்பார், அல்லது "இதைப் பற்றி விதி மௌனமாக இருக்கிறது" என்பார். ஒருமுறை விடுதிக் கூரை ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தேன். "எந்தக் கட்டிலின் மேல்?" என்று கேட்டார். ஏழாம் எண் என்றேன். மறுநாள் ஏழாம் எண் கட்டிலை நகர்த்தும்படி உத்தரவு வந்தது. மூன்று பிரதிகளில். ஆனால் அதே வாரம் அவரே ஏணியில் ஏறி, கவ்வி போட்ட காலோடு, தகரத்தைத் தட்டிச் சரிசெய்ததைப் பார்த்தேன். "இதைப் பார்த்தீர்களா, வேலப்பன்?" என்று மேலிருந்து கேட்டார். இல்லை என்றேன். "நல்லது" என்றார்.

ஒரு மே மாதம், சித்திரைக் காவடிக்குக் கோவிலில் கொடியேறியிருந்த நேரம், சபை வாசலில் வரவு செலவுத் திட்டத்தை ஒட்டினார்கள். அதில் இரவு விடுதி என்ற வரிக்கு எதிரே, தொகைக்குப் பதில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அடுத்த வரியில் பூங்காவில் வாத்திய மேடை. நிதிக் குழுத் தலைவருக்கு வாத்திய மேடை மேல் நெடுநாள் ஆசை. ஜூலையிலிருந்து விடுதி மூடப்படும். எங்கள் மேட்டில் ஜூலை என்றால் சாரலும் எலும்பைக் குடையும் குளிரும்.

நான் ஓடிப்போய் முஸ்யே ஒக்தாவ் முன் நின்றேன்.

"பதினெட்டு பேர் எங்க போவாங்க, முஸ்யே?"

"அதைப் பற்றி விதி மௌனமாக இருக்கிறது." பிறகு புத்தகத்தைப் புரட்டினார். "ஆனால் வரி கட்டும் எந்தக் குடியிருப்பாளரும் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். வரும் ஒவ்வொரு ஆட்சேபணையையும் எழுத்தர் சபைக் கூட்டத்தில் முழுமையாக வாசிக்க வேண்டும். முழுமையாக, வேலப்பன்."

"அப்ப நான் வீடு வீடாப் போய் சொல்றேன்!"

"சபை ஊழியர் எவரும் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பொதுமக்களிடம் பேசவோ எழுதவோ கூடாது. மீறினால் பணிநீக்கம்." அவர் புத்தகத்தை மூடினார். கண்ணாடி வழியாக என்னை நீண்ட நேரம் பார்த்தார். "பேசவோ, எழுதவோ. மற்றதைப் பற்றி மௌனம்."

அறிவிப்பின் பிரதிகளை ஒரு கட்டாக என் கையில் கொடுத்தார். காற்றில் பறந்துவிட்டால் மாற்றி ஒட்டுவதற்காம். அன்று இலைகூட அசையவில்லை.

இப்படித்தான் நான் பேசாமல் மக்களைத் திரட்டப் புறப்பட்டேன். திட்டம் எனக்குத் தெளிவாக இருந்தது. கதவைத் தட்டுவேன். அறிவிப்பைக் காட்டுவேன். அந்த வரியில் விரலை வைப்பேன். பிறகு கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோல் காட்டி, மழை பெய்வதுபோல் விரல்களை ஆட்டி, நடுங்கிக் காட்டுவேன்.

முதல் வீட்டு அம்மாள் என் கன்னத்தையும் கையையும் பார்த்துவிட்டு, "ஐயோ, பல்வலியா!" என்று கிராம்பு கொண்டுவந்து வாயில் திணித்தார். இரண்டாம் வீட்டில் நான் நடுங்கியதைக் கண்டு காய்ச்சல் என்று கம்பளி போர்த்தினார்கள். அந்தக் கம்பளியோடு மூன்றாம் வீட்டுக்குப் போனேன். அது தமிழர் வீடு. அந்த வீட்டுப் பெரியவர் என்னைத் தெரிந்தவர். நான் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"காவடிக்கு மௌன விரதம்! அம்மா, இங்க வா, நம்ம வேலப்பன் விரதம் எடுத்திருக்கான்!"

இல்லை என்று தலையாட்டினேன். விரதக்காரன் அடக்கத்தால் மறுக்கிறான் என்று அவர்கள் என் காலில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசினார்கள். பால் கொடுத்தார்கள். கையிலிருந்த அறிவிப்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூஜை அறையில் வைத்துவிட்டார்கள். அன்று மாலைக்குள் எட்டு வீடுகளில் பால் குடித்தேன். ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை. வயிறு மட்டும் ஆட்சேபித்தது.

நடந்ததைச் சைகையில் விடுதியில் காட்டினேன். பாக்கியம் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏன் தம்பி, என்கிட்டயுமா பேசக்கூடாது?"

விடுதிவாசிகளும் பொதுமக்களா என்பதை நான் முஸ்யே ஒக்தாவிடம் கேட்கவில்லை. ஆகவே உதட்டைப் பூட்டிக் காட்டினேன்.

"சரி. நீ காட்டு, நான் பேசறேன். என்னை எவன் வேலையை விட்டு எடுப்பான்?"

மறுநாளிலிருந்து இருவரும் போனோம். நான் அறிவிப்பைக் காட்டுவேன், அக்கா பேசுவார். "இந்தா பாருங்க, நான் பாக்கியம். என் வீட்டைப் புயல் கொண்டுபோச்சு. மழையில நனைஞ்சா இருமுவேன். இருமிக்கிட்டே வடை சுடுவேன். அந்த வடையைத்தான் நீங்க திங்கணும். யோசிச்சுக்குங்க." இதைவிட நேரடியான வாதத்தை நான் எந்தச் சபையிலும் கேட்டதில்லை. எல்லோரும் எழுத ஒப்புக்கொண்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மூலைக் கடைச் சீனர், கொம்பேர் என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடுபவர், தன் கடை மேசையில் சர்க்கரை மடிக்கும் தாளில் அழகான பிரெஞ்சுக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். சொல்லச் சொல்ல அப்படியே எழுதினார், ஒன்றையும் விடவில்லை. இது பின்னால் முக்கியமானது.

ஆனால் ஒரு வீடு மட்டும் பாக்கியம் அக்காவுக்கும் மசியவில்லை. அது விடுதியை ஒட்டிய வீடு, மதாம் ரோசலீ என்ற அம்மையாருடையது. அவர் பியானோ ஆசிரியை. ஐந்து மணிக்கு அவருடைய மாணவர்கள் வருவார்கள். அதே ஐந்து மணிக்குக் கப்பித்தேன் வந்து, சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் வாசிக்கப்படும் எல்லாவற்றோடும் சேர்ந்து உரக்கப் பாடுவார். தகரத் தட்டில் தாளமும் போடுவார். மதாம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சபைக்குப் புகார்க் கடிதம் எழுதுவார். நிதிக் குழுத் தலைவர் விடுதியை மூட வைத்திருந்த முக்கியச் சான்றே அந்தக் கடிதங்கள்தான்.

அவர் கதவைத் திறந்து, பாக்கியம் அக்காவைப் பார்த்து, "நீ போ" என்றார். என்னைப் பார்த்து, "நீங்கள் நில்லுங்கள்" என்றார். உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்து, மூன்று வருடக் கோபத்தையும் வரிசையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். கப்பித்தேனின் குரலைப் பற்றிச் சொன்னார். தலையாட்டினேன். பிறகு இறந்துபோன கணவரைப் பற்றி, பியானோவைத் தின்னும் கரையானைப் பற்றி, போ பசான் ஊரில் இருக்கும் தங்கை தன்னைப் பார்க்க வராததைப் பற்றிச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

"முஸ்யே வேலப்பன்," என்றார் முடிவில், "இந்தத் தெருவிலேயே பேச்சை நடுவில் வெட்டாத ஒரே ஆண் நீங்கள்தான். நாளைக்கும் வாருங்கள்."

நான்கு நாள் போனேன். தேநீரும் பேச்சும் கிடைத்தன, கடிதம் கிடைக்கவில்லை. விடுதி மூடித்தான் ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை என்று ஒவ்வொரு நாளும் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார்.

கடைசி முயற்சியாகக் கப்பித்தேனிடம் கையெடுத்துக் கும்பிட்டு, வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. "பாடக்கூடாதா? தட்டும் தட்டக்கூடாதா?" என்றார். தலையாட்டினேன். அவர் தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். மனிதரை அப்படிப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

அன்று சுவருக்கு அப்பால் நடந்ததை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். முதல் மாணவி ஆரம்பித்தாள். நான்கு விநாடியில் நொண்டினாள். மறுபடி ஆரம்பித்தாள், ஓடினாள், நின்றாள். அடுத்தவள் வந்தாள். பியானோ படியில் உருளும் பானைபோலச் சத்தமிட்டது. மதாம் "ஒன்று, இரண்டு, மூன்று!" என்று கத்தினார். பயனில்லை. மூன்று வருடமாக அந்தப் பிள்ளைகள் தாளம் பிடித்தது கப்பித்தேனின் தகரத் தட்டைக் கேட்டுத்தான் என்பது எனக்கும் மதாமுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. நாங்கள் இருவரும் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம்.

சற்றுப் பொறுத்து மதாமின் பக்கத்திலிருந்து சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. கப்பித்தேன் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் தட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பதினான்காம் நாள். சபை வாசல் பெட்டியில் மதாமின் உறை விழுந்தது. என்ன எழுதினார் என்று தெரியவில்லை. கேட்கவும் முடியாது.

சபைக் கூட்டம் அன்றே பிற்பகல் இரண்டு மணிக்கு. மண்டபத்தின் பின்பக்கம் ஊரே நின்றது. நிதிக் குழுத் தலைவர் அரை மணியில் முடிந்துவிடும் என்று வெளியே காரோட்டியை நிறுத்திவைத்திருந்தார். முஸ்யே ஒக்தாவ் எழுந்தார். மேசையில் சர்க்கரைத் தாள்கள் ஒரு முழ உயரம். ஏற்ற இறக்கமில்லாத குரலில் ஆரம்பித்தார்.

"முதல் ஆட்சேபணை. 'விடுதியை மூடக்கூடாது. எங்கள் சந்தில் விளக்கில்லை. என் மாமியார் சாக்கடையில் விழுந்தார். விழுந்ததைப் பற்றி எனக்கு ஆட்சேபணையில்லை, சாக்கடை உடைந்துவிட்டது.' இரண்டாம் ஆட்சேபணை. 'விடுதியை மூடினால் இருமல் வடை தின்ன வேண்டிவரும்.' மூன்றாம் ஆட்சேபணை. 'இந்த—' இங்கே ஒரு சொல் அடிக்கப்பட்டிருக்கிறது. 'முட்டாள்கள்' என்று வாசிக்க முடிகிறது. அதற்கு மேல் 'மதிப்பிற்குரிய உறுப்பினர்கள்' என்று எழுதப்பட்டுள்ளது."

"அடித்ததையெல்லாம் ஏன் வாசிக்கிறீர்கள்?" என்று தலைவர் கத்தினார்.

"முழுமையாக என்று விதி சொல்கிறது, முஸ்யே."

வாசித்தார். ஒரு தையற்காரர் சைக்கிள் வரியையும் சேர்த்து ஆட்சேபித்திருந்தார். ஒருவர் எதற்கென்று புரியாமல் கல்யாண வாழ்த்து எழுதியிருந்தார், அதையும் வாசித்தார். ஒரு தாய், விடுதி இருக்க வேண்டும் என்றும், தன் மகளுக்கு வரன் பார்த்துத் தர வேண்டும் என்றும், பெண்ணின் உயரம், நிறம், சமையல் திறமையோடு ஒன்றரைப் பக்கம் சொல்லியிருந்தார். நான்கு மணிக்கு ஒரு உறுப்பினர் தூங்கிவிட்டார். ஐந்து மணிக்குப் பாக்கியம் அக்கா மண்டப வாசலில் அடுப்பு மூட்டினார். வடை வாசனை உள்ளே வந்தது. ஒவ்வொரு உறுப்பினராகக் கைக்குட்டையால் வாயைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

பொறுக்க முடியாமல் தலைவர் எழுந்தார். "இவர்கள் யாரும் விடுதிக்குப் பக்கத்தில் வசிக்கவில்லை! பக்கத்தில் வசிப்பவர் ஒரே ஒருவர், மதாம் ரோசலீ. மூன்று வருடமாக அவர் படும் பாடு இந்தக் கோப்பில் இருக்கிறது. அதை வாசியுங்கள்!"

முஸ்யே ஒக்தாவ் முதல் முறையாகத் தண்ணீர் குடித்தார். "மதாமின் கடைசிக் கடிதம் ஆட்சேபணைகளில்தான் இருக்கிறது, முஸ்யே. வாசிக்கிறேன். 'நான் இதுவரை எழுதிய புகார்கள் எல்லாம் உண்மை. ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. அந்த மனிதர் மேல் ஸ்தாயியில் தவறாகப் பாடுகிறார். ஆனால் தாளம் தவறியதே இல்லை. அவரை வெளியே அனுப்பினால் என் மாணவர்கள் ஒன்பது பேரையும் சபையே உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும். விடுதி இருக்கட்டும். அவர் கட்டிலை மட்டும் சுவரிலிருந்து மூன்றடி தள்ளிப் போடவும். மேலும், சபையில் கேட்கத் தெரிந்த ஒரே ஊழியர் முஸ்யே வேலப்பன். அவரையும் தள்ளிப் போட வேண்டாம்.'"

மண்டபம் அதிர்ந்தது. தலைவர் உட்கார்ந்தார். "இன்னும் எத்தனை இருக்கிறது?" என்று களைத்த குரலில் கேட்டார்.

"பாதி முடிந்திருக்கிறது, முஸ்யே."

வாக்கெடுப்பு உடனே நடந்தது. கை தூக்காதவர் தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர் மட்டும்தான். நிதிக் குழுத் தலைவரும் தூக்கினார். ஒரு கையில் ஏற்கெனவே வடை இருந்தது, மற்ற கையைத் தூக்கினார்.

அதன்பிறகு சபை இரண்டு காரியங்கள் செய்தது. ஆட்சேபணை பத்து வரியைத் தாண்டக்கூடாது என்று விதியைத் திருத்தியது. வாசிக்கப்பட்டவை நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டதால், ஒவ்வொன்றையும் உரிய பகுதிக்கு அனுப்பியது. சந்துக்கு விளக்கு வந்தது. வரன் கேட்ட கடிதத்துக்கு எந்தப் பகுதி உரியது என்று விதி மௌனமாக இருந்ததால், முஸ்யே ஒக்தாவ் அதைப் பொதுப்பணிப் பகுதிக்கு அனுப்பினார். அங்கிருந்த மேற்பார்வையாளர், கல்யாணமாகாதவர், உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு விசாரிக்கப் போனார். மூன்று முறை விசாரிக்கப் போனார். ஆறு மாதத்தில் கல்யாணம். எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது.

எனக்கும் ஒரு உத்தரவு வந்தது. பணி நேரத்தில் காரணமின்றி மௌனமாக நடமாடியதற்கு விளக்கம் கேட்டு, மூன்று பிரதிகளில். "காவடி" என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். முஸ்யே ஒக்தாவ் அதைப் படித்து, கோப்பில் வைத்து, "ஏற்கப்பட்டது" என்று கையெழுத்திட்டார். அந்த வருடம் உண்மையிலேயே காவடி எடுத்தேன், சாமியிடம் பொய்க் கணக்கு வேண்டாம் என்று.

ஜூலை முதல் வாரம் சாரல் பிடித்துக்கொண்டது. மணியடித்துக் கதவைத் திறந்தபோது, வரிசையின் கடைசியில் நான் அதுவரை பார்க்காத ஒருவர் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நேற்று எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். பஸ் நிற்கும் கொட்டகையில் என்றார். பெயரை எழுதி, தட்டும் கம்பளியும் கொடுத்து, அன்று காலியாயிருந்த பதினோராம் எண் கட்டிலைக் காட்டினேன்.

சூப்புக் குடித்துவிட்டு, காலில் போட்டிருந்த ஈரச் சப்பாத்தோடு கம்பளிக்குள் போனார். கழற்றிவிடுங்கள் என்றேன். வேண்டாம், எந்த நேரத்தில் எழுப்பிவிடுவீர்களோ என்றார். மறுநாளும் அப்படியே சப்பாத்தோடு படுத்தார்.

மூன்றாம் நாள் காலை கம்பளிகளை எண்ணிக்கொண்டு போகும்போது, அவர் தூங்கிக்கொண்டிருந்த பதினோராம் எண் கட்டிலுக்கு அடியில் இரண்டு சப்பாத்துகளும் அருகருகே வைக்கப்பட்டிருந்தன. காய்வதற்காக அவற்றின் வாயை விரித்துவைத்திருந்தார்.